முதலாளி இங்கேயா, அங்கேயா: ஓ.எம்.ஆர். கணக்கு

வெளிநாட்டுக்காரர் கையில் இருக்கும் கம்பெனி நன்றாக நடக்குமா, நம்மூர்க்காரர் நடத்துவதா? சென்னையின் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓ.எம்.ஆர். சாலையில், சோழிங்கநல்லூர் டீக்கடைகளில் ஓயாத பேச்சு இது. லாபத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் தங்கள் சொந்த வேலைக்காகவே இங்கே வைத்திருக்கும் கேப்டிவ் சென்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி 2001-லேயே சென்னையில் தொடங்கியது இந்த வகைதான். பெரும்பாலும் இவற்றுக்குத் தாய்க் கம்பெனியைத் தவிர வேறு வாடிக்கையாளர் கிடையாது. ஆன செலவோடு, முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சதவீதத்தைச் சேர்த்து பில் அனுப்புவார்கள். அப்புறம் எப்படி நஷ்டம் வரும்? அந்த லாபம் திறமைக்குப் போட்ட மார்க் இல்லை; வரி விதிகளுக்காகப் போட்ட கணக்கு. என் சித்தி மகன் இருந்த சென்டரிலும் வருஷா வருஷம் லாபம்தான். ஆனாலும் ஒரே வீடியோ காலில் அவன் டீமின் வேலை மொத்தமும் போலந்துக்குப் போய்விட்டது.

நம்மூர் சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோ இதற்கு நேர் எதிர். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது, வெளி முதலீட்டைத் தொடாமலே வளர்ந்தது. 2022-23-ல் லாபம் 2,800 கோடி ரூபாய்க்கு மேல். பங்குச் சந்தையில் ஏறாததால், காலாண்டுக்கு ஒரு முறை அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் போட்டதற்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பங்கு விலை ஏறி ஊழியர் பணக்காரர் ஆகும் கதை மட்டும் இங்கே கிடையாது.

அந்தக் கதை ஃப்ரெஷ்வொர்க்ஸில் நடந்தது. ஜோஹோவிலிருந்து வந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய இந்த சாஃப்ட்வேர் கம்பெனி, வெளிநாட்டு முதலீட்டில் வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. இந்திய ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள். 2023 கணக்கைப் பார்த்தால் வருவாய் 59.6 கோடி டாலர், நஷ்டம் 13.7 கோடி டாலர்! ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளைச் செலவாக எழுதாமல் இருந்திருந்தால் அந்த நஷ்டமே இருந்திருக்காது.

சரி, எது மேல்? நிலையான சம்பளம் போதும் என்றால் கேப்டிவ் மோசமில்லை. நான் என்றால் ஜோஹோ பக்கம்தான் சாய்வேன். சித்தி மகனோ லாப நஷ்டமே பார்ப்பதில்லை. இப்போது போகிற இன்டர்வியூவில் எல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறான்: "இந்த வேலையை நிறுத்தணும்னா, யார், எந்த ஊர்ல இருந்து முடிவு பண்ணுவாங்க சார்?"