வீட்டு நீச்சல் குளத்தில் குளோரின் மாத்திரையும் திரவக் குளோரினும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு நீச்சல் குளத்தின் நீரைப் பல ஆண்டுகளாக நானே சோதித்துப் பராமரித்து வருகிறேன். தொடக்கத்தில் குளோரின் மாத்திரைகளையும் சோதனைப் பட்டைகளையும் பயன்படுத்தினேன்; பின்னர் திரவக் குளோரினுக்கும் சொட்டு முறைச் சோதனைக்கும் மாறினேன். அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம், குளோரினை வெயிலிலிருந்து காக்கும், ஆனால் பலரும் அளந்து பார்க்காத சயனூரிக் அமிலம்தான்.

மிதவையில் இட்டு மெல்லக் கரையவிடும் ட்ரைகுளோர் மாத்திரைகள் மிக வசதியானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை நீரில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரினைச் சேர்க்கும்போது, கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகின்றன. குளோரின் வெயிலிலும் அழுக்கை அழிப்பதிலும் செலவாகிவிடுகிறது. சயனூரிக் அமிலமோ ஆவியாவதில்லை, எளிதில் சிதைவதுமில்லை என்பதால் மாதக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. திறந்தவெளிக் குளத்துக்கு அது ஓரளவு தேவைதான். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும், அறவே இல்லாவிட்டால் காலையில் இட்ட குளோரினின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் அழிந்துவிடும். அளவு மிஞ்சும்போதோ, குளோரினில் பெரும்பங்கைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

எங்கள் குளத்தில் ஒரு கோடையில் நேர்ந்தது இதுதான். பட்டை 3 பிபிஎம் குளோரின் இருப்பதாகக் காட்டியது. படிக்கட்டு ஓரங்களில் பாசி வழுவழுப்பாகப் படர்ந்துகொண்டிருந்தது. சயனூரிக் அமிலம் 100 பிபிஎம்மைத் தாண்டியிருந்தது தெரிந்த பிறகுதான் காரணம் விளங்கியது. சயனூரிக் அமில அளவில் ஏறத்தாழ 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது நான் இப்போது கடைப்பிடிக்கும் கணக்கு. அமிலம் 40 இருந்தால் 3 பிபிஎம் குளோரின் போதும். 100 இருந்தால் 7.5 தேவை. ஆகவே குளோரின் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்து நீர் பாதுகாப்பானது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். ஏறிவிட்ட அமிலத்தைக் குறைக்க நம்பகமான வழி, நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுப் புது நீர் நிரப்புவதுதான்.

திரவக் குளோரினால் இப்படிச் சயனூரிக் அமிலம் சேர்வதில்லை. ஏறக்குறைய தினமும் ஊற்ற வேண்டியிருப்பதும், வெப்பத்தில் வைத்தால் அதன் வீரியம் விரைவில் குறைவதும் இதன் குறைகள். எனவே நிழலில், சிறிய இருப்பாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

மாத்திரையை நிறுத்தியதும் பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, மாறும் விதமும் மாறியது. ட்ரைகுளோர் அமிலத்தன்மை உடையது. அது பிஎச்சையும், பிஎச் இறங்காமல் தாங்கும் நீரின் திறனான காரத்தன்மையையும் தொடர்ந்து கீழே இழுக்கும் என்பதால் 100 பிபிஎம்மை ஒட்டிய காரத்தன்மை அப்போது பொருத்தமாக இருந்தது. திரவத்துக்கு மாறிய பின் அதே காரத்தன்மையில் பிஎச் அடிக்கடி 7.8-ஐத் தாண்டியது. நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேறுவதே இதற்கு முதன்மைக் காரணம். காரத்தன்மை கூடக்கூட அந்த வெளியேற்றமும் கூடும், நீரூற்றோ அருவியோ ஓடினால் இன்னும் விரைவுபடும். இப்போது காரத்தன்மையை 70 அளவில் வைத்திருப்பதால் பிஎச்சைக் குறைக்க அமிலம் ஊற்றும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. காரத்தன்மை மிகவும் தாழ்ந்துவிட்டால் 10,000 லிட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் சமையல் சோடா 10 பிபிஎம் உயர்த்தும். கால்சியம் கடினத்தன்மை மெதுவாகவே மாறுவதால் எப்போதாவது பார்த்தால் போதும்.

சோதனைப் பட்டைகளை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன். அருகருகே இருக்கும் நிறச் சாயல்களைப் பிரித்தறிவது கடினம், சயனூரிக் அமிலத்தில் அவை தரும் விடையோ மிகவும் தோராயமானது. சொட்டு முறையில், சோதனைத் தூளை இட்டதும் நீரில் தோன்றும் இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறையும் வரை சொட்டுகளை எண்ணுகிறோம். 10 மில்லி மாதிரியில் ஒரு சொட்டு 0.5 பிபிஎம். அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரினையும் இதில் தனியாக அளக்கலாம். கண் எரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். நெடி அடிப்பதைக் கண்டு குளோரின் மிகுதி என்று எண்ணுவோர் பலர், உண்மையில் அப்போது கூடுதல் குளோரின் தேவைப்படலாம்.

இந்தச் சோதனையால் கிடைத்த மிகப் பயனுள்ள பழக்கம் இரவு இழப்பை அளப்பது. சூரியன் மறைந்தபின் ஒருமுறையும், விடியுமுன் ஒருமுறையும் குளோரினை அளந்து பார்க்கிறேன். இரவில் வெயிலின் பாதிப்பு இல்லாததால், 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசியோ வேறு கரிமப் பொருளோ குளோரினைத் தின்கிறது என்று பொருள். நீர் பச்சையாகும் முன்பே இதனால் எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

பிஎச்சைக் குறைக்கும் அமிலத்தையும் குளோரினையும் தனித்தனி இடங்களில் வையுங்கள். இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். மாத்திரைக்குப் பயன்படுத்திய கரண்டியைக் கால்சியம் ஹைபோகுளோரைட் என்னும் மற்றொரு வகைக் குளோரின் தூளில் இடாதீர்கள், அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். வெளியூர் செல்லும் வாரங்களில் மட்டும் நான் இன்றும் மாத்திரையைப் பயன்படுத்துகிறேன். திரும்பியதும் முதலில் அளப்பது சயனூரிக் அமிலத்தைத்தான்.