ஒரே இரவா, ஒரு பருவமா?

பிரேக்கே இல்லாத 500 சிசி பைக், நான்கு வீரர்கள், நீள்வட்ட மண் பாதையில் நான்கு சுற்று. ஸ்பீட்வே எனும் இந்த பைக் பந்தயம் மாறவில்லை. உலகச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் மாறியது.

1936 முதல் 1994 வரை இறுதிப்போட்டி பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். வழக்கமாக ஆளுக்கு ஐந்து ஓட்டம்தான். ஒரு சறுக்கலில் ஓராண்டு உழைப்பும் போகும். 1973இல் போலந்தில் நியூசிலாந்து ஜாம்பவான் ஐவன் மாஜர், பட்டத்தைத் தீர்மானித்த கூடுதல் ஓட்டத்தில் விழுந்தார். உள்நாட்டு வீரர் யெர்சி ஷ்சாகியெல் சாம்பியன்! போலந்துக்கு அதுவே முதல் தனிநபர் பட்டம். அந்தப் படபடப்புக்கு இன்றுவரை ஈடில்லை.

1995 முதல் கிராண்ட் பிரி தொடர். பல நாடுகள், பல போட்டிகள், சேரும் புள்ளிகள். ஒரு மோசமான மாலையை அடுத்த போட்டியில் ஈடுகட்டலாம். திறமையை அளக்க இதுவே நேர்மையான முறை என்பேன். ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் இரண்டிலும் வென்றவர்: 1994இல் பழைய முறையில் ஒன்று, பிறகு தொடரில் ஐந்து.