மட்டக்களப்பு கல்லடியில் ஒரு செஸ் பெட்டி: பத்து வருசத்துக்கு மேலான கணக்கு

சுவிசில் இருந்து சித்தப்பா 2014இல் வந்தபோது, சொக்லேட் பைகளுக்குக் கீழே பழைய துவாயில் சுற்றியபடி இதுவும் வந்தது. சைற்றெக் நிறுவனத்தின் காஸ்பரோவ் ஜிகே 2000, எதிராளியாகத் தானே ஆடும் மின்னணுச் செஸ் பலகை. அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். "உனக்கு விளையாட ஆளில்லையே மனே, இத வச்சுக்கொள்" என்றார். ஆள் இருந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் காயைக் கலைத்துவிட்டு எழும்பாத ஆள்தான் இல்லை.

மேலே முன்னாள் உலக சம்பியன் காஸ்பரோவின் பெயர் இருந்தாலும் உள்ளே விளையாடுவது நெதர்லாந்துக்காரர் பிரான்ஸ் மோர்ஷ் எழுதிய நிரல். கணினியில் பிரிட்ஸ் என்ற செஸ் நிரலோடு விளையாடியவர்களுக்கு அவருடைய கைவேலை பழக்கம். 1992இல் வந்த பெட்டி, வேகம் 10 மெகாஹேர்ட்ஸ். இன்றைய மலிவுப் போனுக்குப் பக்கத்தில் மாட்டுவண்டி.

காயைத் தூக்கும் கட்டத்தில் ஒருதரம் அமத்த வேண்டும், வைக்கும் கட்டத்தில் மறுதரம். அதன் நகர்வைப் பலகை ஓரத்துச் சிவப்பு விளக்குகள் காட்டும்; அந்தக் காயையும் நான்தான் நகர்த்த வேண்டும். என் ராணியை வெட்டி எடுத்து மேசையில் வைப்பதும் என் கைதான். முதல் மாதம் இது எரிச்சலாக இருந்தது. மறுகாதான் விளங்கியது, போனில் விரலால் தட்டித் தட்டி நான் விட்ட பிழைகளில் பாதி இங்கே வருவதில்லை. அமத்துவதற்கு முதல் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கண் பார்த்துவிடும்.

பலம் 64 படிகள், பலகையின் 64 கட்டங்களில் ஒன்றை அமத்தித் தெரிவு செய்யலாம். நான் பெரும்பாலும் நகர்வுக்குப் பத்து விநாடி அளவில் வைப்பேன். அதில் இரண்டு மூன்று நகர்வுக்குள் முடிகிற சண்டை என்றால் என்னால் கிட்டவும் போக முடியாது. தூரத்துச் சண்டை வேறு கதை. ஒருநாள் அதன் பிஷப் என் ஓரத்துச் சிப்பாயைத் தின்ன உள்ளே வந்தது. பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன், வாசல் மூடிவிட்டது. 1972இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கிக்கு எதிரான உலக சம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் பொபி பிஷரே இப்படித்தான் ஒரு பிஷப்பை மாட்ட விட்டார், ஆகவே பெட்டியை ஏசவில்லை. வேடிக்கை அதற்குப் பிறகுதான். பிஷப் போகப் போகிறது என்று தெரிந்ததும், அந்த இழப்பைத் தள்ளிப்போட ஒரு சிப்பாயைச் சும்மா தந்தது, பிறகு இன்னொன்று. சீட்டெடுத்துக் கடனை அடைத்து, அந்தச் சீட்டைக் கட்ட இன்னொரு கடன் வாங்குகிற ஆளைப் போல. தான் எண்ணிப் பார்க்கக்கூடிய தூரத்துக்கு அப்பால் கெட்டதைத் தள்ளிவிட்டால், அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர். வைத்தவர் ஹான்ஸ் பெர்லினர், தபால்வழிச் செஸ்ஸில் உலக சம்பியனாக இருந்தவர்.

போனில் உள்ள ஸ்ரொக்பிஷ் என்ற செஸ் நிரலை நான் ஒருநாளும் வெல்லப் போவதில்லை. பலத்தைக் குறைத்து வைத்தால் பத்து நகர்வு சூரனாக ஆடிவிட்டுத் திடீரென்று குதிரையைத் தூக்கித் தரும், பிச்சை போடுவதைப் போல. இந்தப் பெட்டி பிச்சை போடாது. உண்மையிலேயே தெரியாமல்தான் பிழை விடும்.

2022 மின்வெட்டில்தான் இதன் அருமை தெரிந்தது. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை வெட்டினார்கள். விசிறி இல்லை, நுளம்பு. விறாந்தையில் குப்பிலாம்பைக் கொளுத்தி வைத்துப் பெட்டியோடு இருப்பேன். திரைக்குப் பின்வெளிச்சம் கிடையாது, ஓரத்து விளக்கை வைத்துத்தான் ஆட்டம். மண்ணெண்ணெயும் பற்றரியும் விற்ற விலைக்கு மாமி முணுமுணுத்தது நியாயம்தான்: "கரண்டில்லாத ஊரில இவருக்குப் பெட்டியோட மல்லுக்கட்டு!"

கெட்டது எல்லாம் என் கவனக்குறைவும் உப்புக் காற்றும் செய்தவை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் வாசற்கதவுப் பிணைச்சலே தாங்காது. ஒரு மாரி முழுக்கப் பற்றரியைக் கழற்றாமல் விட்டேன். ஒழுகிக் கம்பிச்சுருளில் வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மெல்லிய அரத்தாளால் தேய்த்தேன், உயிர் வந்தது. அடுத்த வருசம் ஜி2 கட்டம் செத்தது. வெள்ளை ராஜாப் பக்கம் கோட்டை கட்டிய பிறகு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயின் கட்டம்! ஆணிகளைக் கழற்றிப் பலகைக்குக் கீழுள்ள படலத்தின் தொடுமுனையை அழிறப்பரால் துடைத்தபின் சரிவந்தது. இப்போதும் மழைக்காலத்தில் இரண்டுதரம் அமத்த வேண்டும்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயதில் இதை விளையாடக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கூச்சல்: "மாமா, இது களவு செய்யிது! பக்கத்தில நிண்ட என்ர சிப்பாய வெட்டிப் போட்டு வேற கட்டத்தில போய் நிக்கிது!" இரண்டு கட்டம் பாய்ந்து வந்த சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்ததைப் போல வெட்டும் ஒன்பசான் விதியை நான் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். பெட்டி சொல்லிக் கொடுத்துவிட்டது, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

பழையது வாங்க நினைத்தால் படத்தைப் பார்த்துக் காசனுப்ப வேண்டாம். 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாக அமத்தி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பற்றரி வாசலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடப்ரர் மாற்றினால் வோல்ற்றேஜ் மட்டும் அல்ல, நடு ஊசி நேரா மறையா என்பதும் பார்க்க வேண்டும். மாறிக் கொடுத்தால் பெட்டி போய்விடும். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு இது தேவையில்லை, போனே போதும்.

ஒரு சீஆர் கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறேன். நேற்றைய ஆட்டத்துக்கு முதல்வரை 412 ஆட்டம், என் வெற்றி 131. நேற்று இரவு 132 ஆகியிருக்கும், ராஜாவும் கோட்டையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் அதிகமாக வைத்திருந்தேன். ஜி2வை அமத்தினேன், கேட்கவில்லை. கோபத்தில் ஓங்கி அமத்தியபோது பக்கத்துக் கட்டம் பட்டுவிட்டது. நகர்வைத் திருப்பி எடுக்கும் பொத்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. 282 தோல்வி அல்லது சமநிலை என்று எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஆணி கழற்ற வேண்டும்.