முன்வாசலில் புளூபெரி: எட்டு வருட அனுபவம்

வீட்டுக்கு முன்னால் இருந்த பழைய வேலிச் செடிகள் பட்டுப்போனபோது, அதே இடத்தில் மறுபடியும் வெறும் பச்சை வேலி வைக்க மனசு வரவில்லை. பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், ஏதாவது பழமும் கிடைக்க வேண்டும் என்று தேடிக் கடைசியில் புளூபெரியில் வந்து நின்றேன். எட்டு வருடமாகிவிட்டது. முதலில் வைத்தவை ஒன்பது. இப்போது முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஒரே வரிசையாக எட்டு. நடுவில் எது எங்கிருந்து எங்கே போனது, ஏன் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வருடத் திட்டம் தாளில் அழகாகத்தான் இருந்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரை போகும் நடைபாதையின் ஓரத்தில் குட்டை ரகமான 'நார்த்ஸ்கை' நான்கு. அது இரண்டடிக்கு மேல் வளராது, பாதையை மறைக்காது. கேட்டுக்கு இருபுறமும் 'பேட்ரியாட்' ஒவ்வொன்று. வீட்டுச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே, ஆளுயரம் வரை போகும் 'புளூகிராப்' மூன்று. உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். தோட்ட அமைப்பு பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வதுதான். செடியின் உயரத்தை மட்டும் கணக்குப் போட்டேன், மண்ணைக் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் சுவரோர மூன்றிலும் இலை மஞ்சளானது. சாதாரண மஞ்சள் இல்லை. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவில் இருக்கும் பகுதியெல்லாம் வெளிறி, வலைபோட்டது மாதிரி இருந்தது. அதுவும் முதலில் கொழுந்தில்தான் வந்தது. சத்து போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். இன்னும் மோசமானது. பத்தடி தள்ளி, பாதையோரத்தில், அதே நாளில் வைத்த நார்த்ஸ்கை மட்டும் பளபளவென்று நின்றது.

கடைசியில் மண் பரிசோதித்தேன். பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம். பாதையோரம் அது 5.2. சுவரோரம் 6.8. புளூபெரிக்கு வேண்டியது 4.5க்கும் 5.5க்கும் நடுவில். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் அந்த வலை மஞ்சள். சரி, ஒரே தோட்டத்தில் இவ்வளவு வித்தியாசம் எப்படி என்று தோண்டிப் பார்த்தால், ஒரு சாண் ஆழத்தில் பழைய பூச்சுக் காரை கட்டி கட்டியாகக் கிடக்கிறது. வீடு கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேயே தள்ளி மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அது போதாது என்று, மழை பெய்யும்போதெல்லாம் சுவரிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. புளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் (பெயரே அப்படித்தான்) 1910லேயே எழுதிவிட்டார். அதுவரை காட்டுச் செடியைக் கொண்டுவந்து நல்ல உரமண்ணில் வைத்துவைத்துச் சாகடித்திருக்கிறார்கள். பிறகு நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்பவரோடு சேர்ந்து, காட்டிலிருந்து நல்ல புதர்களாகப் பொறுக்கி, 1916இல் முதல் விற்பனை விளைச்சலை எடுத்தார்கள். நான் வைத்திருக்கும் புளூகிராப் 1952இல் வெளிவந்த ரகம். நூறு வருடத்துக்கு முன்னால் தீர்ந்துபோன சங்கதியில் நான் இரண்டு வருடம் தோற்றேன்.

கந்தகத் தூள் போட்டுப் பார்த்தேன். கந்தகம் உடனே வேலை செய்யாது. மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்குப் பல மாதம் பிடிக்கும், குளிரில் இன்னும் மந்தம். நாம் ஒருபக்கம் இறக்க, சுவர் மறுபக்கம் ஏற்ற, இது முடிகிற வேலை இல்லை. மூன்றாம் குளிர்காலக் கடைசியில், மொட்டு விடுவதற்கு முன், மூன்றையும் பெயர்த்துப் பின்பக்கம் கொண்டுபோனேன். பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. புளூபெரிக்கு ஆணிவேர் கிடையாது. நார்நாராகச் சல்லிவேர் மட்டும், மிதியடி மாதிரி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். மண்வெட்டியைச் சுற்றிலும் இறக்கி நெம்பினால் தட்டோடு எழும்பி வருகிறது. இடம் மாறிய வருடம் சோர்ந்திருந்தன. அடுத்த வருடம் இலை பச்சை திரும்பிவிட்டது.

ஆக, முன்வாசலில் வைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: சுவரிலிருந்தும் சிமென்ட் பாதையிலிருந்தும் தள்ளி வையுங்கள், நடுவதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் மண்ணை எடுத்துப் பரிசோதியுங்கள். தோட்டம் முழுக்கவே சுண்ணாம்பு மண் என்றால் தரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரிய தொட்டியில் பீட் (சதுப்பு நிலத்து மக்கு), பைன் மரப்பட்டைத் தூள் கலந்து வைத்தால் போதும். 'டாப் ஹேட்' மாதிரி குள்ள ரகங்கள் தொட்டிக்கென்றே இருப்பவை.

அந்தச் சல்லிவேருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு வாரம் தண்ணீர் தவறினால் முதலில் வாடுவது இதுதான். தண்ணீர் தேங்கினாலும் பிடிக்காது. அதனால் மூடாக்கு கட்டாயம். பைன் பட்டைச் சிராயை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுகிறேன். வருடா வருடம் மக்கிக் குறையும், மேலே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். களைக்கொத்தியை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை, கொத்தினால் வேர்தான் அறுபடும். குழாய்த் தண்ணீர் கடினநீர் என்றால் அதுவும் நாளடைவில் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுகிறேன். உரம் என்றால் அமோனியம் சல்பேட், அதுவும் கொஞ்சமாக. ஹைட்ரேஞ்சா பூவை நீலமாக்கப் போடும் அலுமினியம் சல்பேட்டைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். வேண்டாம், அலுமினியம் அதிகமானால் புளூபெரி வேருக்கு நஞ்சு. காபிச் சக்கையும் அப்படியொரு ஏமாற்றம். டிகாஷன் இறங்கிய பிறகு அதில் புளிப்பு அநேகமாக மிச்சமிருப்பதில்லை. மட்கோடு சேர்த்துப் போடலாம், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இனி அழகு விஷயம். வசந்தத்தில் இலையோடு சேர்ந்தே பூ வரும். கவிழ்த்துவைத்த குட்டி மணிகள், வெள்ளையில் லேசாக ரோஸ் ஓடியது மாதிரி. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாத பூ. தெருவிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, பக்கத்தில் வந்தால்தான். ரோமம் மண்டிய பம்பிள் தேனீ அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், மகரந்தம் பொலபொலவென்று உதிரும். அந்த 'ர்ர்ர்' சத்தம் வாசற்படியில் உட்கார்ந்தால் கேட்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஒரே செடி தனியாகவும் காய்க்கும். ஆனால் அருகில் வேறு ரகம் இருந்தால் காய் பெரிதாகிறது, கூடுதலாகவும் பிடிக்கிறது.

கோடையில் ஒரே கொத்தில் பச்சை, ரோஸ், நீலம் மூன்றும் சேர்ந்து தொங்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். நீலமானதும் பறித்துவிடக் கூடாது, இன்னும் நாலைந்து நாள் விட வேண்டும். என் மகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி: காம்பு ஒட்டும் இடத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் புளிப்பு. கட்டைவிரலால் லேசாக உருட்டினால் தானாகக் கையில் விழுவதுதான் பழம். "இழுக்காதீங்கப்பா, உருட்டுங்க" என்று எனக்கே பாடம் நடக்கும்.

பறவைகளும் இதெல்லாம் தெரிந்தவைதான். மூன்றாம் வருடம் முன்வாசல் செடிகளுக்கு வலை போர்த்தினேன். கொசுவலை கட்டிய கட்டில்கள் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது. அழகுக்காக வைத்த செடியை, அது நன்றாக இருக்கும் மாதத்தில் மூடிவைப்பதில் என்ன அர்த்தம்? போதாக்குறைக்குத் தொளதொளவென்று கிடந்த வலையில் ஒரு குருவி சிக்கிக்கொண்டது. கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டேன், பிழைத்துப் பறந்தது. அன்றோடு முன்பக்கம் வலை கிடையாது என்று முடிவு. அங்கே காய்ப்பதில் பாதிக்குமேல் பறவைக்கு, போகிற வருகிற பிள்ளைகளுக்கும் கொஞ்சம். பின்பக்க வரிசைக்கு மரச்சட்டம் அடித்து, பொடிக்கண் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறேன். அங்கே சுவரோரத்திலிருந்து வந்த மூன்று புளூகிராப், சீக்கிரம் பழுக்கும் 'டியூக்' மூன்று, கடைசியில் பழுக்கும் 'எலியட்' இரண்டு. வளர்ந்த செடி ஒன்றுக்கு இரண்டு மூன்று கிலோ தேறுகிறது. முழு விளைச்சலுக்கு ஆறேழு வருடம் பொறுக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிப் போடச் சொல்வார்கள். மனசு வராது, கிள்ளித்தான் ஆக வேண்டும்.

முன்பக்கத்தில் இன்னொரு தொல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: பழம் தின்ற பறவை பாதைக் கல்லிலும் காரிலும் ஊதாக் கறையாகப் போட்டுவைக்கும். அந்த ஒரு மாதம் காரைத் தள்ளி நிறுத்துகிறேன்.

கவாத்தில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். ஐந்தாம் வருடம், இலை உதிர்ந்த பின், வேலி மட்டமாக இருக்கட்டும் என்று பெரிய கத்தரியால் நார்த்ஸ்கை நான்கையும் மேலே ஒரே சீராக வெட்டிவிட்டேன். சதுரமாக, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. வசந்தத்தில் மனைவி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, பெட்டி மாதிரி வெட்டி வெச்சிருக்கீங்க, மொட்டெல்லாம் எங்க?" அந்த வருடம் கிளைகளின் நுனியே இல்லாமல் போனதால் பூவும் இல்லை. போன வருடம் வளர்ந்த கிளையின் நுனியில்தான் பூமொட்டு உட்கார்ந்திருக்கும். உருண்டையாக, புஷ்டியாக இருந்தால் பூ. கீழே ஒல்லியாக, கூராக இருந்தால் இலை. குளிர்காலத்திலேயே கண்ணுக்குத் தெரியும், நான்தான் பார்க்கவில்லை. புளூபெரியைக் கத்தரித்த வேலியாக வைக்க முடியாது. தளர்வான வேலியாக, அதன் போக்கில் விட்டு, கிழட்டுத் தண்டுகளில் இரண்டு மூன்றை மட்டும் வருடாவருடம் அடியோடு எடுக்க வேண்டும். கச்சிதமான கோடு வேண்டுமென்பவர்களுக்கு இது சரிப்படாது.

இலையுதிர்காலத்துக்காக மட்டுமே இந்தச் செடியை வைக்கலாம். நார்த்ஸ்கை கருஞ்சிவப்பாகும், புளூகிராப் நெருப்பு மாதிரி. ஆனால் வெயில் வேண்டும். கேட்டுக்கு இடதுபுறம் இருக்கும் பேட்ரியாட்டுக்கு நாள் முழுக்க வெயில், வலதுபுறம் இருப்பதற்கு மர நிழல் போக நான்கு மணி நேரம்தான். இடதுபுறம் அடர்ந்து சிவந்து நிற்க, வலதுபுறம் நெடுநெடுவென்று வளர்ந்து, மங்கலான மஞ்சளோடு நின்றுவிடுகிறது. காயும் பாதிதான். ஜோடியாக நிற்கட்டும் என்று வைத்த இரண்டும் எட்டு வருடத்தில் அண்ணன் தம்பி என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டன.

குளிர்காலத்தில் சிவந்த குச்சிகள் மட்டும். பனி விழுந்தால் அழகு, விழாவிட்டால் வாசல் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். இந்த ரகங்களுக்கு அந்தக் குளிர் வேண்டும், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 800 முதல் 1000 மணி நேரம். குளிர் குறைந்த இடங்களுக்கு 'சன்ஷைன் புளூ' போன்ற, அமெரிக்கத் தென்பகுதிக்கான ரகங்கள் உண்டு, மிதமான குளிரில் அதன் இலை பெரும்பாலும் உதிர்வதில்லை.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதில் ஒன்று மட்டும். அசேலியா, ஹெதர், பெரணி எல்லாம் அதே புளிப்பு மண்ணில் சுகமாக இருக்கும், என்னிடம் மூன்றும் இருக்கின்றன. ஆசைப்பட்டுப் பாதையோரம் புளூபெரிக்கு நடுவில் வைத்த லாவெண்டர்தான் இரண்டு வருடமும் இளைத்துக்கொண்டே போனது. அதற்குச் சுண்ணாம்பு மண்ணும் ஈரம் நிற்காத இடமும் வேண்டும். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று யோசித்தபோது, ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் காலியாகத்தான் கிடந்தது. இப்போது கோடையில் அங்கே இருப்பது அதுதான், ஜன்னல் விளிம்பைத் தொடும் உயரத்தில் பூத்துக்கொண்டு.