ஸ்விட்ச் ஓஎல்இடியா, ஸ்விட்ச் 2-ஆ?

நிண்டெண்டோவின் கேம் கன்சோலான ஸ்விட்ச் ஓஎல்இடி (2021-இல் வந்தது) கையில் இருந்தால், 2025 ஜூன் 5-இல் வெளியான ஸ்விட்ச் 2-க்குத் தாவலாமா? அமெரிக்க அறிமுக விலை முன்னதற்கு 350 டாலர், பின்னதற்கு 450.

முதலில் திரை. பழையது 7 அங்குலம், 720பி, புதியது 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ். காகிதத்தில் புதியதே ஜெயிக்கிறது. ஆனால் அது பின்னொளியில் இயங்கும் எல்சிடி, பழையதைப் போலப் பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓஎல்இடி அல்ல. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். பிக்சல்கள் மெதுவாக மாறுவதால் வேகமான ஆட்டங்களில் உருவம் இழுபடும். இருட்டறையில் கையில் வைத்தே ஆடுபவருக்கு ஓஎல்இடி இன்னும் அழகு.

டிவியில் போட்டியே இல்லை: பழைய டாக் (கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கி) 1080பி-யோடு நிற்க, புதியது 4கே தரும். பெட்டியோடு வரும் எச்டிஎம்ஐ கேபிளையே செருகுங்கள். பழைய கேபிளில் 4கே கிடைக்காமல் போகலாம்.

பலர் ஏமாறுவது மெமரி கார்டில்தான். உள் சேமிப்பு 64 ஜிபியிலிருந்து 256 ஆகியிருக்கிறது, சரி. ஆனால் ஆட்டங்களைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதுவகை கார்டை மட்டுமே ஏற்கும். பழைய கார்டிலிருந்து ஸ்கிரீன்ஷாட், வீடியோவை நகலெடுக்கலாம், அவ்வளவே. கடையில் வாங்கும் ஆட்டங்களில் 'கேம் கீ கார்டு' வகையில் முழு ஆட்டமும் அந்த கார்டில் இராது, தரவிறக்க வேண்டும். இடம் சீக்கிரம் தீரும்.

பேட்டரி 4310-இலிருந்து 5220 எம்ஏஎச் ஆனாலும் நேரம் குறைவு: நிண்டெண்டோவின் கணிப்பில் சுமார் 2 முதல் 6.5 மணி, பழையதற்கு 4.5 முதல் 9.

ஜாய்கான் (கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்) காந்தத்தில் ஒட்டுகிறது, மவுஸாகவும் ஓடுகிறது. பழைய ஜாய்கானைப் பக்கவாட்டில் மாட்ட முடியாது, வயர்லெஸ்ஸில் இணைக்கலாம். ஸ்டிக்கில் ஹால் சென்சார் (தேய்மானமின்றி காந்தத்தால் அசைவை உணர்வது) இல்லாதது உறுத்தல்.

டிவியில் ஆடுபவர் வாங்கலாம். பயணத்தில் மட்டும் ஆடுபவருக்கு அவசரமில்லை.