ரோமன் ரோட்டைத் தேட எது பெட்டர்: லிடாரா, ஏரியல் போட்டோவா?

புதைஞ்சு போன பழைய ரோமன் ரோட்டைத் தேடுறதுன்னு பேச்செடுத்தாலே இப்போ எல்லாரும் லிடார் புராணம்தான், அருமையான டெக்னாலஜிதான், ஆனா அது வந்தாச்சு இனி மேல பறந்து எடுக்குற ஏரியல் போட்டோவே வேணாம்னு சொல்றதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

லிடார்ல பிளேன்ல இருந்து லேசர் அடிச்சு அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு உயரத்தை அளக்குறாங்க, இலை இடுக்குல புகுந்து தரையைத் தொட்ட புள்ளிகளை மட்டும் தனியா பிரிச்சிட்டா காட்டையே வழிச்சு எடுத்த மாதிரி மொட்டைத் தரை தெரியும். ரோமானியர்கள் நிறைய இடத்துல மேடு கட்டித்தான் ரோடு போட்டாங்க, இன்னிக்கு அந்த மேடு மேலயே நடந்தாலும் நமக்குத் தெரியாது ஆனா ஸ்கேன்ல நேர்கோடா நிக்கும். 2023ல எக்ஸிட்டர் பல்கலைக்கழக டீம் இங்கிலாந்து அரசோட லிடார் டேட்டாவை வச்சு டெவன், கார்ன்வால் பக்கம் கூடுதலா சுமார் 100 கிமீ ரோடு கண்டுபிடிச்சாங்க, அந்த நெட்வொர்க்குக்கு மையம் நார்த் டாட்டன்னும் சொன்னாங்க. மேய்ச்சல் நிலம், காடுன்னா கண்ணை மூடிட்டு லிடார்தான்.

ஆனா காலங்காலமா உழுது மேடே கரைஞ்சு போன வயல்ல லிடார் எதைப் பிடிக்கும்? அங்க பயிர்தான் காட்டிக் கொடுக்கும், புதைஞ்ச கல்லு மேல வளர்ற பார்லி தண்ணி கிடைக்காம சீக்கிரம் மஞ்சளாகிடும், தூர்ந்த வாய்க்கால் மேல இருக்குறது பச்சையா உயரமா நிக்கும். காய்ஞ்ச கோடையில சில வாரம்தான் தெரியும், அந்த நேரத்துல மேல பறந்து ஏரியல் போட்டோ எடுக்கணும், அதான் கஷ்டம்.

சிரியா, ஈராக் பாலைவனத்துல கதையே வேற. 1920கள்ல புவாதபார்ங்கிற பாதிரியார் பிளேன்ல பறந்து 116 ரோமன் கோட்டைகளைப் பதிவு பண்ணாரு, அது கிழக்கு எல்லையைக் காக்குற வடக்கு தெற்கு வரிசைன்னு நினைச்சாரு. அமெரிக்காவோட பழைய உளவு சாட்டிலைட் படங்கள்ல தேடினவங்க 2023ல இன்னும் 396 கோட்டை இருக்குன்னு சொன்னாங்க, எல்லாம் கிழக்கு மேற்கா பரவிக் கிடக்கு, அப்போ அது எல்லைச் சுவர் மாதிரி இல்ல, வணிகக் கூட்டமும் ஆட்களும் போய்வர்ற பாதைக்குக் காவலா இருந்திருக்கலாம்னு முடிவே மாறிடுச்சு. அந்தப் படமெல்லாம் 1960, 70கள்ல எடுத்தது, அதுக்கப்புறம் விவசாயமும் ஊரும் பெருகி நிறைய தடயம் அழிஞ்சாச்சு, இப்போ எவ்ளோ நல்ல ஸ்கேனரைக் கொண்டு போனாலும் திரும்பக் கிடைக்காது.

டிஜிட்டல் மேப்ல ஸ்டான்ஃபோர்டோட ஆர்பிஸ் பயண நேரம், செலவு கணக்குப் பண்ணத்தான், ரோடு சரியா எந்த வயல் வழியா போச்சுன்னு அதுல தேடாதீங்க. அதுக்கு 2025ல வந்த இட்டினர்-இ பாருங்க, மொத்தம் 2,99,171 கிமீ ரோடு, அதுல 2.7% தான் இடம் உறுதியா தெரிஞ்சதுன்னு அவங்களே ஒவ்வொரு துண்டுக்கும் பிரிச்சுப் போட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த நேர்மைதான், அடுத்து எந்தப் பக்கம் பறந்து தேடணும்னு அதைப் பார்த்தே முடிவு பண்ணலாம்.