ஒரே பட்ஜெட், இரண்டு ஹால்: சேலத்து வெயிலும் ஏற்காட்டு ஈரமும்

போன வருடம் எங்கள் குடும்பத்தில் இரண்டு ஹால்கள் ஒரே சமயத்தில் மாறின. ஒன்று சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு. மேல்மாடி, மேற்கு பார்த்த பெரிய ஜன்னல். இன்னொன்று ஏற்காட்டில் அக்கா வீடு. ஆளுக்கு 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கினால் விலை குறையுமே என்றுதான் முதலில் திட்டம். நடுவே 30 கிலோமீட்டரும் 20 கொண்டை ஊசி வளைவும்தானே இருக்கிறது என்று நினைத்தோம். ஆனால் கீழே ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மேலே 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மழையில் துவைத்துப்போட்ட துண்டு மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. ஆறே மாதத்தில் திட்டம் கலைந்துபோனது.

தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடையில் எங்கள் முன் நின்றவை இரண்டு: பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் கார்ப்பெட், பவானி ஜமக்காளம். எனக்கு யோசனையே இல்லை, ஜமக்காளம்தான். பவானி இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அதன் ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கெட்டியான பருத்தி நூலில் நெய்வதால் நடக்கும்போது காலுக்குச் சூடு தெரியாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், வீட்டிலேயே துவைக்கலாம். கார்ப்பெட்டில் இறங்கும் தூசியை என்ன செய்தும் எடுக்க முடியாது. அம்மா மட்டும், “மண்டபத்துல பந்திக்கு விரிச்ச மாதிரி இருக்குடா” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அகலமான சிவப்பு, பச்சைப் பட்டைகளை எடுத்தால் அப்படித்தான் தெரியும். கடைக்காரரிடம் கேட்டு, நீலமும் வெள்ளையுமாக மெல்லிய கோடு போட்டதாக மாற்றிக்கொண்டேன். சோபாவின் முன்கால்கள் அதன்மேல் நிற்கிற அளவுக்குப் பெரிதாக எடுத்ததும் ஹாலே அகலமான மாதிரி ஆகிவிட்டது. பவர்லூமில் ஓட்டியதையும் அதே பெயரில் விற்பவர்கள் உண்டு. அதனால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக் கடையிலோ, நெசவு நடக்கும் இடத்திலோ வாங்குவது நல்லது.

அதே ஜமக்காளம் அக்கா வீட்டில் தோற்றது. புரட்டாசியில் விரித்தது, கார்த்திகைக்குள் ஈர வாடை அடித்தது. அங்கே காயப்போட வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஏளனம் செய்த பாலியெஸ்டர் விரிப்பை, அதிலும் மயிர் குட்டையானதாகப் பார்த்து, மாமா வாங்கிவந்து போட்டார். தண்ணீரை உறிஞ்சாது, பாதத்துக்குக் கதகதப்பு. ஏற்காட்டுக்கு அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

சுவர் விஷயத்தில் வால்பேப்பருக்கும் பெயின்டுக்கும் இடையே சண்டை. படத்தில் வால்பேப்பர்தான் அழகு. கணக்குப் போட்டால் கதை வேறு. எங்கள் சுவர் 10க்கு 12, அதாவது 120 சதுர அடி. ஒரு ரோல் 57 சதுர அடிதான் வரும். இரண்டு ரோல் ஆறு அடி குறையும், டிசைன் பொருந்த வெட்டும்போது இன்னும் கொஞ்சம் வீணாகும். ஆக மூன்று ரோல், அதற்கு மேல் ஒட்டுகூலி. அதே சுவருக்கு எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க இரண்டு லிட்டர் சொச்சம் போதும், ஞாயிற்றுக்கிழமை நாமே அடித்துவிடலாம். நாலு சுவருக்கும் அடிக்காமல், சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுத்தாலே ஹால் மாறிவிடுகிறது. மேற்கு வெயில் விழும் சுவருக்கு மட்டும் அடர்நிறம் வேண்டாம். வெளுக்கும், சூட்டையும் இழுக்கும்.

ஏற்காட்டில் இந்தப் போட்டிக்கே இடமில்லை. ஈரம் ஏறும் சுவரில் வால்பேப்பர் ஓரத்திலிருந்து உரிந்துவிடும், உள்ளே கறுப்புப் பூசணம் பிடிக்கும். அங்கே நிஜமான போட்டி எமல்ஷனுக்கும் பழைய சுண்ணாம்புக்கும்தான். சுண்ணாம்பில் காரத்தன்மை இருப்பதால் பூசணம் சுலபத்தில் வராது, சுவரிலிருக்கும் ஈரத்தையும் வெளியே விடும். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பது குறைதான். இன்னொன்று, எமல்ஷன் அடித்த சுவரின் மேல் அது பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்க வேண்டும். அக்கா அதைத்தான் செய்தாள். ஜன்னல் அடியில் ஒழுகின இடத்தைப் பூசி, சுரண்டி, காயவிட்டு அடித்து முடிப்பதற்குள் அவளுடைய 40,000இல் பாதி போய்விட்டது. “பூஜாடி வாங்கக்கூட மிச்சமில்லை” என்று புலம்பினாள். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் சரியாகச் செலவான பணமே அதுதான்.

டிவி அலமாரியில்தான் நான் ஏமாந்தேன். ஆன்லைனில் ஒரு கடையில், படத்தைப் பார்த்து இரண்டு வாங்கினேன். பெட்டியில் “உட்” என்று போட்டிருந்தார்கள். பிரித்தால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. சேலத்தில் அது இன்னும் நிற்கிறது. ஏற்காட்டில் ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் உப்பி, திருகாணி பிடிப்பு விட்டு, கதவு தொங்கிவிட்டது. பிறகு இரண்டு வழியை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆசாரியை வைத்துப் பிளைவுட்டில் செய்வது ஒன்று. கடைக்காரர் எல்லாவற்றையும் “வாட்டர் ப்ரூஃப்” என்றுதான் சொல்வார். பலகையில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 710 என்றால் மரைன் ரகம், தண்ணீரைத் தாங்கும். ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் ஈரத்தை ஓரளவுதான் தாங்கும்; கீழே சேலத்துக்குப் போதும், மேலே தாங்காது. மரைன் ரகம் பட்ஜெட்டை மீறியது. அதனால் இரண்டாவது வழி: வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் ஒரு சட்டம், மேலே சில்வர் ஓக் பலகை மூன்று. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்து, மிளகுக்கொடி ஏற்றி விடுவார்களே, அதே மரம்தான். தேக்கோடு ஒப்பிட விலை பெரிதில்லை. பலகை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெளியும். சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காமல் விட்டால் மலையில் துரு பிடிக்கும். விருந்தாளிகள் முதலில் விலை கேட்பது இதைத்தான்.

திரைச்சீலை: என் வீட்டுக்குக் கைத்தறிப் பருத்தி, அக்காவுக்குச் சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் கலப்பு. துணி எதுவானாலும் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் மாட்டாமல், கூரைக்கு அரை அடி கீழே மாட்டுங்கள். துணி தரையைத் தொடட்டும். கம்பி நீளத்துக்கு இரண்டு மடங்கு துணி இல்லாவிட்டால் மடிப்பு விழாது, போர்வையைக் காயப்போட்ட மாதிரி தெரியும். மேற்கு ஜன்னலுக்குப் பின்பக்கம் வெள்ளை லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

உட்கார என்ன என்பதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ரெக்ஸின் சோபா சேலத்து மே மாதத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பழைய சாமான் கடையில் இரண்டு தேக்கு நாற்காலி எடுத்து, பிரம்பு பின்னக் கொடுத்தேன். காற்று ஊடுருவும், பார்க்கவும் அம்சம். அக்காவும் ஆசைப்பட்டாள், ஈரத்தில் பிரம்பிலும் பூசணம் பிடிக்கும் என்று மாமா தடுத்துவிட்டார்.

விளக்கில் எங்கள் இருவருக்கும் ஒரே முடிவுதான். 6500 கெல்வின் வெள்ளை டியூபைப் படிக்கிற இடத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஹாலின் மூலைகளில் 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் இரண்டு. சாயங்காலம் பனி இறங்கும்போது அக்கா வீடு அந்த வெளிச்சத்தில் தனி அழகு.

கடைசியாக ஃபால்ஸ் சீலிங். ஏழெட்டு ஸ்பாட் லைட்டோடு எனக்கும் ஆசைதான். ஆனால் வாடகை வீட்டுக் கூரையில் பணத்தை ஒட்டிவிட்டுப் போவானேன்? அதே காசில் ஒரு பங்குக்கு மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். கூடவே, “அப்படியே படிக்கட்டுச் சுவரையும் ஒரு கோட் அடிச்சிருங்க தம்பி” என்றார்.